ஏரிக்கரையில் எண்ணிய குமிழிகள்

சென்ற ஆண்டு மார்ச் மாதம் எட்டாம் திகதி, சனிக்கிழமை, காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடம். வெப்பநிலை ஐந்து பாகை. மழை இல்லை. வானம் முழுவதும் சாம்பல் நிறம், காற்று காதைப் பிடுங்கியது. லண்டனின் மேற்கு ஓரத்தில், சரளைக்கல் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் நிரம்பி உண்டான ஏரி ஒன்றின் கரையில் நான் நின்றேன். ஏரிக்குள் என் மனைவி இருந்தார்.

தவறி விழவில்லை, விரும்பித்தான் இறங்கினார். பாடசாலைச் சமையலறை வேலையிலிருந்து ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வுபெற்ற கையோடு, முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு தண்ணீருக்கடியில் நீந்தப் பழக்கும் கிளப் ஒன்றில் சேர்ந்திருந்தார். நீச்சல்குளத்தில் ஆறு வகுப்புகள் முடித்து, ஏரியில் இறங்குவது அன்றுதான் முதல் தடவை. அடியில் ஒரு பழைய பஸ் கிடக்கிறதாம். அதைப் பார்க்க வேண்டுமாம்.

“இஞ்சேரும், மேலை ஓடுற பஸ் போதாதே உமக்கு?” என்று முன்னமே கேட்டிருந்தேன்.

“அதிலை நீங்கள் பக்கத்திலை இருந்து ஸ்டொப்பை எண்ணிக்கொண்டு வருவியள். கீழை நிம்மதியா இருக்கும்.”

நான் எண்ணுகிறவன்தான். ஒரு களஞ்சியத்தில் முப்பத்திரண்டு வருடம் இருப்புக் கணக்குப் பார்த்தவன். எண்ணிப் பழகியவனுக்கு, சொல்வதும் இருப்பதும் ஒன்றுதானா என்ற சந்தேகம் எப்போதும் கூடவே வரும்.

மூன்று வாரங்களுக்கு முன்பு பயிற்சியாளர் எட்டுப் பொருட்களுக்கு ஒரு பட்டியல் தந்தார். அவர் மலேசியத் தமிழர், நாற்பது வயதிருக்கும், வங்கியில் வேலை. குளிரைத் தாங்கும் முழு உடையும் சிலிண்டரும் கிளப்பிலேயே இரவல் கிடைக்கும், மற்றதை வாங்குவது நல்லது என்றார். கடையின் பெயரையும் அவரே சொன்னார். கிளப் ஆட்களுக்குப் பத்து வீதம் விலைக்கழிவாம். அங்கேயே எனக்குப் பொறி தட்டியது. கழிவு எங்களுக்கென்றால், அவருக்கு எவ்வளவு?

கடைக்காரர் சிரித்த முகமுள்ள ஆங்கிலேயர். டோர்ச் ஏன் இரண்டு என்று கேட்டேன். கலங்கல் தண்ணீரில் ஒன்று அணைந்தால் கையே தெரியாது என்றார். காலில் மாட்டும் துடுப்பு ஏன் மஞ்சள், கறுப்பு பன்னிரண்டு பவுண் குறைவாயிற்றே என்றேன். பின்னால் வருபவர் கண்ணுக்குப் படவேண்டும் என்றார். சின்னக் கத்தி எதற்கு? தூண்டில் நூல் காலில் சுற்றினால் அறுக்க. என் கேள்வி முடியும் முன்பே பதில் வந்தது. அவ்வளவு தயாராகப் பதில் வைத்திருப்பவர்களை நான் நம்புவதில்லை.

கடைசியாக ரெகுலேட்டர். சிலிண்டரில் அழுத்தி அடைத்த காற்றை மூச்சுக்கு ஏற்றபடி குறைத்து வாய்க்குத் தருகிற கருவி. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இருந்தன. ஒரே கறுப்பு, ஒரே மாதிரிக் குழாய். ஒன்று நூற்றெண்பது பவுண். மற்றது குளிர்நீருக்கானதாம், முந்நூற்று நாற்பது. ஆறு பாகைத் தண்ணீருக்கு இதுதான் வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றார்.

“குளிருக்கும் காசு வாங்கிறான்” என்று மனைவியின் காதில் சொன்னேன்.

“இஞ்சருங்கோ, மூச்சு விடப்போறது நான்” என்றார் அவர்.

மற்ற ஏழு பொருட்களையும் வாங்கினோம். ரெகுலேட்டரை நான் தனியாக வந்து பேசி வாங்குகிறேன் என்று அவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

நான் போனது கடைக்கு அல்ல, லண்டனின் தெற்கே இருக்கும் மோர்டனுக்கு. பாவித்த ரெகுலேட்டரை விற்க இணையத்தில் விளம்பரம் போட்டிருந்தவர் நம்மவர், ஜெர்மனியிலிருந்து வந்து மின்சார வேலை எடுத்துச் செய்பவர்.

“புதுசு மாதிரித்தான் அண்ணை. மாலைதீவிலை மட்டும்தான் பாவிச்சனான். பதினாலு தரம்.”

பதினாலு என்பது என் காதில் விழுந்தது. மாலைதீவு விழவில்லை. பழுதுபார்த்த ரசீதை மூன்று முறை வாசித்தேன், தொடர் எண்ணைச் சரிபார்த்தேன், குழாயை வளைத்து வெடிப்புத் தேடினேன். நூற்றிருபது கேட்டவரைத் தொண்ணூற்றைந்துக்கு இறக்கினேன். முதியோர் பாஸ் இருப்பதால் போக்குவரத்துச் செலவும் இல்லை.

“கடையிலை வாங்கினதுதானே?” என்று வீட்டில் மனைவி கேட்டார்.

“ஓம்” என்றேன்.

ஏரிக்கரையில் பயிற்சியாளர் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். “ஆன்ட்டி, இந்த மாடல் நான் பார்த்ததில்ல. கோல்ட் வாட்டருக்கு உள்ளதுதானே?”

“ஓம் தம்பி, அவர் கடையிலை கேட்டு வாங்கினவர்.”

பயிற்சியாளர் என்னைப் பார்த்தார். அந்த இடத்திலாவது வாயைத் திறந்திருக்கலாம். நான் ஓமென்று தலையை ஆட்டினேன்.

இருவரும் இறங்கினார்கள். தண்ணீர் தேநீர் நிறத்தில் இருந்தது. ஒரு முழத்துக்குக் கீழே எதுவும் தெரியவில்லை. மேலே வரும் குமிழிகளை வைத்துத்தான் ஆள் இருக்கும் இடத்தை அறிய முடிந்தது. இரண்டு வரிசைக் குமிழிகள். சிறியது மனைவியுடையது, நிமிடத்துக்குப் பதினெட்டு. எண்ணிக்கொண்டே நின்றேன்.

ஒன்பதாவது நிமிடம் அந்தச் சிறிய வரிசை திடீரென்று பெரிதானது. உலை கொதிப்பதுபோல் தண்ணீர் பொங்கியது. எண்ண முடியவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. தொண்ணூற்றைந்து பவுணுக்கு எவ்வளவு காற்று!

கரையில் காவலுக்கு நின்ற பெண் கையிலிருந்த கோப்பையை எறிந்துவிட்டுக் கயிற்றோடு ஓடியபோதுதான் அது பெருமைப்படுகிற விஷயமல்ல என்று விளங்கியது.

இரண்டு தலைகள் மேலே வந்தன. மனைவியின் வாயில் இருந்தது பயிற்சியாளரின் உபரி மூச்சுக் குழாய். நான் வாங்கிய ரெகுலேட்டர் பக்கத்தில் தொங்கி, பாம்புபோல் சீறிக் காற்றைக் கொட்டிக்கொண்டிருந்தது. முகக்கண்ணாடி சரிந்திருந்தது. உதடு நீலம். பயிற்சியாளரின் தோள்பட்டியைப் பிடித்த அவரது விரல்களை விடுவிக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். இறங்கும்போது இருநூறு காட்டிய சிலிண்டரின் காற்றழுத்த முள் நாற்பதில் நின்றது.

“உள்ளுக்கு ஐஸ் புடிச்சி வால்வு திறந்தபடியே நின்னுடுச்சி அங்கிள். இது சூடான கடலுக்குச் செஞ்சது.” என் முகத்தை ஒருமுறை பார்த்தார். “பரவாயில்ல லா. ஆன்ட்டி என் கைய விடல.”

காருக்குள் சூடு போட்டும் மனைவிக்கு நடுக்கம் நிற்கவில்லை.

“கீழை ஒண்டும் தெரியேல்லை. ஒரே சேறு. அந்தப் பொடியன்ரை கை மட்டும்தான் தெரிஞ்சுது” என்றார். பிறகு, “கடையிலை வாங்கினதெண்டு சொன்னனீங்கள்” என்றார்.

நான் மோர்டனைச் சொன்னேன். முந்நூற்று நாற்பதையும் தொண்ணூற்றைந்தையும் சொல்லத் தொடங்கினேன்.

“நான் காசைக் கேக்கேல்லை.”



இனி அந்தப் பக்கம் போகமாட்டார் என்று நினைத்தேன். அடுத்த சனிக்கிழமையே கடைக்குப் போனார். என்னை வெளியில் நிற்கச் சொன்னார். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அந்த ஆங்கிலேயர் குளிர்நீர் ரெகுலேட்டரைத் திருப்பித் திருப்பிக் காட்ட, மனைவி ஒவ்வொன்றாகக் கேட்டு விளங்கிக்கொண்டு நின்றார். ஏப்ரலில் பஸ்ஸையும் பார்த்துவிட்டு வந்தார். அதற்குள் என்ன இருந்தது என்று எனக்கு இன்னும் சொல்லவில்லை.

பழைய ரெகுலேட்டரை விற்கலாம். வாங்குகிறவர் எந்தத் தண்ணீரில் இறங்குவார் என்று எனக்கு எப்படித் தெரியும்? அலுமாரியில் வைத்திருக்கிறேன்.

கடைக்காரரைச் சந்தேகித்தேன், பயிற்சியாளரைச் சந்தேகித்தேன். மோர்டன்காரர்கூட உள்ளதைத்தான் சொன்னார். நடந்ததை எத்தனை தடவை சரிபார்த்தாலும் அதில் பொய் சொன்னவன் ஒருவன்தான். இப்போது நான் பால் வாங்கி வந்தாலும் மனைவி கையை நீட்டி, “ரசீது?” என்கிறார். முப்பத்தைந்து வருடம் கேட்காதவர். சிரித்துக்கொண்டுதான் கேட்கிறார், ஆனால் வாசித்துவிட்டுத்தான் பாலை எடுக்கிறார். அப்படி அவர் வாசித்து முடிக்கும் அந்த ஐந்து வினாடியும் நான் அந்த ஏரிக்கரையில்தான் நிற்கிறேன்.

மோர்டனில் தொண்ணூற்றைந்து, கடையில் கழிவு போக முந்நூற்றாறு, சிலிண்டரை மீண்டும் நிரப்ப ஆறு. மொத்தம் நானூற்றேழு பவுண்.