டப்புக்குள் சுற்றிய தென்கடல்

எட்டாம் வகுப்பு படிக்கும்போது அண்டார்டிகாவைத் தென் அமெரிக்காவிலிருந்து பிரித்தவள் நான். கண்டங்கள் களிமண்ணில் செய்தவை. துணி ஊறவைக்கும் பெரிய பிளாஸ்டிக் டப்தான் கடல். நடுவில் அண்டார்டிகா, அதன்மேல் ஒரு கட்டி ஐஸ். ஏர்கூலரிலிருந்து கழற்றிய சின்ன மோட்டார் தண்ணீரைச் சுற்றவைக்கும். ஓரத்தில் சிவப்புச் சாயம் கலந்த வெந்நீரை ஊற்றினால், இரண்டு கண்டங்களும் ஒட்டியிருக்கும்வரை நீரோட்டம் அங்கே முட்டித் திரும்பி, சூட்டை ஐஸ்வரை கொண்டுவந்துவிடும். இடையிலுள்ள மண்ணை எடுத்துவிட்டால் தண்ணீர் தடையில்லாமல் வட்டமடிக்கும். சிவப்பு வெளியிலேயே நின்றுவிடும். தென் துருவம் உறைந்துபோனதற்கு முக்கியமான காரணங்களில் இதுவும் ஒன்று என்று ஒரு வாரமாக வீட்டில் ஒப்பித்துக்கொண்டிருந்தேன்.

அறிவியல் கண்காட்சி தர்மபுரியில். அப்பா கரும்பு வெட்டுக்குப் போயிருந்தார். எங்களோடு வீட்டில் இருக்கும், பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளி தரம் பிரிக்கும் அத்தைதான், துணி துவைக்க டப் இல்லையென்று முணுமுணுத்தபடியே, ஒருநாள் வேலையை விட்டு என்னோடு பஸ் ஏறினார்.

நடுவர்கள் வந்தார்கள். மண்ணை எடுத்துவிட்டு நான் சாயத்தை ஊற்றிய நொடியில் கரண்ட் போனது. மோட்டார் நின்றது. சிவப்பு நேராக ஐஸை நோக்கிப் படர்ந்தது. ஒப்பித்ததில் ஒரு சொல்கூட எனக்கு வரவில்லை.

அத்தை முந்தானையை இடுப்பில் செருகினார். வளையலை மேலே ஏற்றிவிட்டு, டப்புக்குள் கையை விட்டுச் சீராகச் சுற்றத் தொடங்கினார்.

"நீங்க யாரும்மா?" என்றார் நடுவராக வந்த பேராசிரியை.

"மோட்டாருங்க."

அவர் சிரித்துவிட்டார். "எதுக்கு சுத்தறீங்க, சொல்லுங்க பார்ப்போம்."

"இந்த நெலம் ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருந்தப்ப சுடுதண்ணி உள்ள வந்துச்சுங்க. பூமியில இருக்கற தட்டு நவுந்து நவுந்து ரெண்டும் பிரிஞ்சிருச்சு. நடுவுல வழி கெடச்சதும் தண்ணி சுத்திச்சுத்தி வருதுங்க. சூடு உள்ள போவ முடியல, ஐஸு சேந்துக்கிச்சு." பிறகு என் பக்கம் திரும்பி, "மீதிய நீ சொல்லுடி, எனக்குக் கை கடுக்குது" என்றார்.

குரல் திரும்பிவிட்டது. எத்தனை கோடி ஆண்டுகள், தட்டுகள் எவ்வளவு மெதுவாக நகர்கின்றன, இன்றும் நகர்ந்துகொண்டுதான் இருக்கின்றன என்று எல்லாம் மடமடவென்று வந்தது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அப்போதும் அத்தை கையை நிறுத்தவில்லை. முதல் பரிசு எங்கள் பள்ளிக்கு வந்தது. மேடையேறிக் கோப்பையை வாங்கியபோது, அண்டார்டிகாவையே எனக்கு எழுதிக் கொடுத்துவிட்டது போலிருந்தது.

திரும்பும் பஸ்ஸில் கோப்பை என் மடியில் இருந்தது. அத்தையின் கை முழங்கைவரை சிவந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே கேட்டார்:

"ஒம்பதாவதுல என்னென்ன பாடம்டி வரும்?"

"எனக்கெப்படித் தெரியும் அத்தே? அடுத்த வருசந்தான போறேன்."

"புஸ்தகம் வந்ததும் வூட்ல சத்தமாப் படி."

அத்தையின் படிப்பை எட்டாவதோடு நிறுத்திவிட்டார்கள் என்பது எனக்குத் தெரிந்த விஷயம்தான். இருந்தும், என் படிப்பின்மேல் உள்ள அக்கறையில் சொல்கிறார் என்றே நினைத்தேன். சரியென்று தலையாட்டிவிட்டு, பாவாடை நுனியால் கோப்பையைத் துடைக்க ஆரம்பித்தேன்.