எட்டுப் பாட்டும் உஷாராணிக்கு மனப்பாடம்

‘மழைக்கு முந்தின நாள்’ ஆல்பம் உஷாராணிக்கு மனப்பாடம் என்று சொன்னால் அது குறைத்துச் சொன்னதாகும். வரிகள் யாருக்கும் மனப்பாடமாகும். அவளுக்கு மூன்றாவது பாட்டில் இரண்டாம் சரணத்துக்கு முன் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் தெரியும். ஐந்தாவது பாட்டு அடங்கும் இடத்தில், பதிவு அறைக்கு வெளியே போகிற மோட்டார் சைக்கிள் தெரியும். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் இருக்கும் மூன்று வினாடியில் அவள் வாய் அடுத்த பாட்டின் சுருதியைப் பிடித்து நிற்கும்.

கேசட்டைக் கொடுத்தவன் ஜீவன். 2002ஆம் ஆண்டு. உஷாராணிக்கு இருபத்தொரு வயது. மலேசியாவில், காப்பாரிலிருந்து ஷா ஆலாமுக்கு ஃபேக்டரி பஸ்ஸில் போய்வந்து கொண்டிருந்தாள். ஜீவன், ‘தென்கரை’ என்ற கிள்ளான் இசைக்குழுவோடு சுற்றிக்கொண்டிருந்தான். அந்தக் குழு போட்ட ஒரே ஆல்பம் அது.

இரண்டு நாள் கேட்டுவிட்டு அவள் கேட்டாள், “இதெல்லாம் யார் எழுதினது?”

“நான்தான்,” என்றான் ஜீவன்.

“அட்டையில ‘பாடல்கள்: தென்கரை குழு’ன்னுதானே போட்டிருக்கு?”

“குழுன்னா நானும்தானே? தனியா என் பேரைப் போட அவங்களுக்கு மனசு வரல லா.”

அன்றிலிருந்து அவள் கேட்ட விதமே மாறிப்போனது. போகும்போது ஒரு பக்கம், வரும்போது மறுபக்கம். பஸ்ஸில் மற்ற பெண்கள் தூங்குவார்கள். இவள் வாக்மேனை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக மெல்லுவாள். ஆறாவது பாட்டில் நாடா ஒருமுறை சிக்கிக்கொண்டது. பென்சிலை விட்டுச் சுற்றி நேராக்கினாள். அதற்குப் பிறகு அந்த இடத்தில் பாடகரின் குரல் ஒரு கணம் தண்ணீருக்குள் முங்கி எழும். பின்னாளில் சிடி வந்து, போன் வந்து, குரல் சுத்தமாகக் கேட்டபோதும், அந்த முங்கலுக்காக அவள் காது காத்திருந்தது.

அவளுக்கு மிகவும் பிடித்தது நாலாவது பாட்டு.

*உப்புக் காத்துல காயுது நீலச் சட்டை*
*உள்ளே ஆள் இல்லாம கையை அசைக்குது*

“இது யாரோட சட்டை?” என்று ஒருநாள் கேட்டாள்.

ஜீவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, “உன் ஃபேக்டரி யூனிஃபார்ம்தான்,” என்றான். “உங்க வீட்டுக் கொடியில காயறதை மோட்டார்ல போறப்ப பார்ப்பேன். நீ உள்ளே இருப்பே. சட்டை மட்டும் என்னைக் கூப்பிடும்.”

அந்த ஒரு பதிலுக்குத்தான் அவள் கழுத்தை நீட்டினாள். வீட்டில் வேறு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார்கள். அரசாங்க வேலைக்காரன். சட்டையைப் பார்த்துப் பாட்டு எழுதுகிறவனை விட்டுவிட்டு அவனுக்கு எப்படித் தலையாட்டுவது?

கல்யாணம் ஆனது. ஜீவன் போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டினான். நல்ல மனுஷன்தான், குடி கிடையாது, கை நீட்டமாட்டான். மகளுக்கு மழையை வைத்தே வர்ஷினி என்று பெயர் வைத்தார்கள். தென்கரை குழு ஒரே வருஷத்தில் கலைந்துபோயிருந்தது. ஏன் மேற்கொண்டு எழுதவில்லை என்று உஷாராணி கேட்டால், “பேரைக் கூடப் போடல, அந்த வெறுப்புல விட்டுட்டேன்,” என்பான். தன்னோடு கிடங்கு ஆபீசில் வேலை செய்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிவைத்திருந்தாள்: “எங்க வீட்டுக்காரர் கவிஞர். கூட இருந்தவங்களே அவரை ஏமாத்திட்டாங்க.”

இருபத்திரண்டு வருஷம் இப்படியே போனது.

போன வருஷம் ஃபேஸ்புக்கில் ஓர் அறிவிப்பு வந்தது. தென்கரை குழுவினர் மறுபடியும் கூடுகிறார்கள், ஆல்பத்தைப் புதிதாக வெளியிடுகிறார்கள், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு. அவள் போனை ஜீவனிடம் நீட்டினாள். அவன் முகம் சுண்டிப்போயிற்று.

“வேணாம் உஷா. பழசைக் கிளறாதே.”

ரோஷத்தில் சொல்கிறான் என்றுதான் அவள் நினைத்தாள். அவனுக்காகத் தான்தான் போய்க் கேட்க வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தாள். சனிக்கிழமை அவன் லோரியை எடுத்துக்கொண்டு கிளம்பியதும், நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு கிள்ளானில் ரயில் ஏறினாள். என்ன பேச வேண்டும் என்று கே.எல். சென்ட்ரல் வரைக்கும் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள்.

வாழையிலைச் சாப்பாட்டுக் கடை ஒன்றின் மாடியில் நாற்பது ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். வாசல் மேசையில் புதிய சிடியை வாங்கிப் பின்பக்கம் திருப்பினாள். ‘பாடல் வரிகள்: ரிஹானா’ என்று அச்சடித்திருந்தது. யாரோ ஒருத்தி பெயர்! முதலில் மறைத்தார்கள், இப்போது திருடியே விட்டார்கள்.

குழுத் தலைவர் கமலநாதன் பேசி முடித்து, யாருக்காவது கேள்வி உண்டா என்று கேட்டதும் எழுந்து நின்றாள்.

“இந்தப் பாட்டெல்லாம் எழுதினது என் வீட்டுக்காரர். ஜீவன். இருபத்திரண்டு வருஷமா அவர் பேரை மறைச்சீங்க. இப்ப வேற யார் பேரையோ போட்டிருக்கீங்க. உங்களுக்கு மனசாட்சி இருக்கா, அண்ணே?”

கமலநாதன் விழித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தபேலாக்காரரைப் பார்த்தார்.

“எந்த ஜீவன், சிஸ்டர்? நம்ம சாமானெல்லாம் ஏத்திக்கிட்டு வேன் ஓட்டுவாரே, அந்த ஜீவனா?”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். உஷாராணி சிரித்தவர்கள் பக்கம் திரும்பவில்லை. “அவர் எழுதினவர்,” என்று மறுபடியும் சொன்னாள். சொல்லும்போதே குரல் உள்ளே இறங்கிவிட்டது.

முன்வரிசையிலிருந்து முக்காடு போட்ட ஓர் அம்மாள் எழுந்து வந்தார். ஐம்பது வயதிருக்கும். உஷாராணியின் முழங்கையைப் பிடித்து, “வாங்கம்மா, கொஞ்சம் வெளியே நிப்போம்,” என்று படிக்கட்டுப் பக்கம் கூட்டிப்போனார். அவர்தான் ரிஹானா. அங்கேயே இரண்டு தெரு தள்ளி ஜவுளிக்கடை வைத்திருப்பவர்.

“பாட்டு அட்டையில வீட்டுப் பொண்ணு பேர் வரக்கூடாதுன்னு அத்தா அப்ப சொல்லிட்டாங்க. அதான் குழு பேரை மட்டும் போட்டாங்க. அத்தா மவுத்தாகி மூணு வருஷம் ஆச்சு,” என்று தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். “ஜீவனை ஞாபகம் இருக்கு. நல்ல பையன். ஸ்பீக்கரை எல்லாம் தனி ஆளாத் தூக்குவாரு.”

உஷாராணிக்குக் கேட்பதற்கு ஒன்றுதான் இருந்தது.

“அந்த நீலச் சட்டை யாருது, அக்கா?”

“என் தம்பி இக்ராம் சட்டை. போர்ட் கிள்ளான்ல கூட்டாளிங்களோட மீன் பிடிக்கப் போனான். படகு வந்துச்சு, அவன் வரல. அம்மா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்தச் சட்டையை எடுத்துத் துவைச்சுக் காயப்போடுவாங்க. யாரும் போடாத சட்டையை. ஒரு வருஷம் அப்படியே செஞ்சாங்க.”

உஷாராணி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே ஆள் இல்லாமல் கையசைக்கும் சட்டை. ஒரு தாய் அழுத அழுகையைத் தனக்கு எழுதின காதல் என்று நினைத்து, பஸ்ஸில் சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறாள். ரிஹானாவிடம் மன்னிப்புக் கேட்க நினைத்தாள். கேட்காமலே படியிறங்கினாள்.

அவள் வீடு சேர்ந்தபோது ஜீவன் வாசலில் நின்றிருந்தான். கமலநாதன் எப்படியோ நம்பரைக் கண்டுபிடித்துக் கூப்பிட்டிருக்கிறார்.

“ஏன் சொன்னீங்க?” என்றாள்.

“நீ கேட்டே. சும்மா ‘நான்தான்’னு வாயில வந்துருச்சு. அன்னைக்கு என்னைப் பார்த்த மாதிரி அதுக்கு முன்னாடி யாரும் பார்த்ததில்ல உஷா. வேன் டிரைவரை யாரு அப்படிப் பார்ப்பா?”

“சரி, அது ஒரு நாள். அப்புறம் சட்டைக்குக் கதை சொன்னீங்களே? ஒவ்வொரு வரிக்கும் சொன்னீங்களே? இருபத்திரண்டு வருஷத்துல உண்மையைச் சொல்ல ஒரு நாள் கூடவா கிடைக்கல?”

“நீதான் தினம் அதைப் போட்டுக் கேட்டுக்கிட்டே இருந்தியே! எப்படிச் சொல்றது?”

“அவங்களை நான் திட்டினப்ப எல்லாம் பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டிருந்தீங்க.”

அவன் அழுதான். அவளுக்கு அழுகை வரவில்லை.

அவள் வீட்டை விட்டுப் போகவில்லை. சமைத்தாள், வேலைக்குப் போனாள், வர்ஷினியின் படிப்பைப் பற்றி அவனிடம் பேசினாள். போனிலிருந்து ஆல்பத்தை அழித்தாள். அதனால் ஒரு பயனும் இல்லை. பாத்திரம் கழுவும்போது எட்டுப் பாட்டும் அதுபாட்டுக்கு உள்ளே ஓடும். நாற்காலி இழுபடும், மோட்டார் சைக்கிள் போகும், நாடா முங்கி எழும். நிறுத்துவதற்குப் பொத்தான் இல்லை. அவன் சொன்ன பொய்யை இருபத்திரண்டு வருஷமாகத் தானே உருப்போட்டு வைத்திருக்கிறோம் என்று நினைக்கையில் அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. வாசலில் லோரிச் சத்தம் கேட்டால் முன்பெல்லாம் எழுந்து போவாள். இப்போது எழுவதில்லை.

நாலு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜீவனிடம் சொல்லிவிட்டு ரிஹானாவின் கடைக்குப் போனாள். கூட்டம் இல்லாத நேரம். ரிஹானா அடையாளம் கண்டுகொண்டு முக்காலியை இழுத்துப் போட்டார்.

“அக்கா, தப்பா நினைக்காதீங்க. மத்த ஏழு பாட்டும் என்னன்னு எனக்குச் சொல்லணும். என்னால மறக்க முடியல. மறக்க முடியாதுன்னா உண்மையையாவது தெரிஞ்சு வச்சுக்கிறேன்.”

ரிஹானா தேநீர் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு பாட்டாகச் சொன்னார். இரண்டு, தம்பியைப் பற்றியவை. ஒன்று, பள்ளித் தோழி ஒருத்தியைப் பற்றியது. ஒன்றைச் சொல்லும்போது வெட்கப்பட்டுக் கதவுப் பக்கம் பார்த்தார். மீதி மூன்றும், “சும்மா, மெட்டுக்குப் போட்டதும்மா. அர்த்தமெல்லாம் கிடையாது,” என்றார். அதில் ஒன்றுக்கு ஜீவன் அரை மணி நேரம் விளக்கம் சொல்லியிருக்கிறான். உஷாராணி அதைச் சொல்லவில்லை.

சாயங்காலம் வீட்டில் ஜீவன் தயங்கித் தயங்கிக் கேட்டான், “அவங்களைப் பார்த்தியா? பாட்டைப் பத்தி என்ன சொன்னாங்க?”

உஷாராணி சேலையை மடித்துக்கொண்டிருந்தாள்.

“அது அவங்க வீட்டு விஷயம்,” என்றாள். “உங்களுக்கு எதுக்கு?”