காதுக்கும் கண்ணாடிக்கும் நடுவே

கால் சென்டர் வேலைக்கு இனிமையான குரல் வேண்டும், பொறுமை வேண்டும் என்றெல்லாம் விளம்பரத்தில் போட்டவர்கள், கண்ணாடி போடாத முகமும் வேண்டும் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். கண்ணாடிக்கு மேல் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்து பழகியவர்களே, இது நம் கதை. மற்றவர்கள் கொடுத்துவைத்தவர்கள். அவர்களும் படிக்கலாம், தடையில்லை.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் சாமான் கடைக்கு மேல்மாடியில், செல்போன் கம்பெனி ஒன்றுக்காகக் கால் சென்டர் திறந்தார்கள். ஊரே காலர் டியூன் வைத்துக்கொண்டு திரிந்த காலம் அது. எனக்கு வேலை கிடைத்தது, ஆனால் ஆறு மாசம் சோதனைக் காலம். வேலை நிரந்தரமானால் கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போடலாம், இல்லாவிட்டால் தையில் முகூர்த்தம் என்று அப்பா சொல்லிவிட்டார். தையில் கழுத்தை நீட்ட எனக்குத் துளியும் இஷ்டமில்லை. அதனால் தலையை ஹெட்செட்டுக்குள் நீட்டினேன்.

எல்லாருக்கும் ஒரே அளவு

முதல் வாரமே காதுக்குப் பின்னால் விண்ணென்று தெறித்தது. ஹெட்செட் காதை அமுக்கும், காது கண்ணாடிக் காம்பை அமுக்கும், காம்பு என் மண்டையை அமுக்கும். மத்தியானத்துக்குள் தலைவலி வந்து உட்கார்ந்துகொள்ளும். ஹெட்செட்டைக் கழற்றினால் எங்கள் டீம் லீடர் பாஸ்கர் சாரின் கம்ப்யூட்டரில் என் பெயர் சிவப்பாக மாறிவிடும்.

அவரிடமே போய் முறையிட்டேன். கழுகுப் பார்வை உள்ள மனிதர். என் காதைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், ஆழமாக யோசித்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார்: "கண்ணாடி போடாத எங்களுக்கெல்லாம் வலிக்கலையேம்மா!"

பெருமாள் பாட்டு

சரி, கண்ணாடியைத்தான் கழற்றிப் பார்ப்போமே என்று கழற்றி மேசையில் வைத்தேன். காதுக்குச் சொர்க்கம். திரையில் மட்டும் எழுத்துகளெல்லாம் மழையில் நனைந்த கோலமாகத் தெரிந்தன. அந்த நேரம் பார்த்து ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து ஒரு பெரியவர் கூப்பிட்டு, காலர் டியூனாகப் பெருமாள் பாட்டு வைக்கச் சொன்னார். வைத்தேன். அதாவது, வைத்ததாக நினைத்தேன். நான் அழுத்தியது அதற்கு அடுத்த வரியில் இருந்த குத்துப்பாட்டு.

மறுநாள் அவர் திரும்பக் கூப்பிட்டார். அந்த அழைப்பு பக்கத்து சீட் ஸ்டெல்லாவுக்குப் போனது. பாஸ்கர் சார் அந்தப் பதிவை எல்லாரையும் நிற்கவைத்துப் போட்டுக் காட்டினார். இன்னொரு தப்பு நடந்தால் வேலை நிரந்தரம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்றும் சொன்னார். தை மாசம் வாசலுக்கே வந்து நின்றதுபோல் இருந்தது. ஆனாலும் அந்தப் பெரியவரின் குரல் இன்னும் காதிலேயே இருக்கிறது: "பாட்டு நல்லாத்தாம்மா இருக்குது. என் சம்பந்திதான் போனைப் போட்டுட்டு, வூட்டுல எல்லாரும் சௌக்கியமான்னு பயந்து பயந்து கேக்குறாரு."

கடைக்காரர் வைத்தியம்

கண்ணாடிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் காம்பைச் சூடு காட்டி, காதுக்குப் பின்னால் வளையும் இடத்தை நேராக்கிக் கொடுத்தார். வலி பாதியாகக் குறைந்தது. ஆனால் குனிந்தால் கண்ணாடி நேராகக் கீபோர்டில் போய் விழுந்தது. திரும்பப் போய்க் கேட்டதற்கு அவர் கொஞ்சமும் அசரவில்லை. "நீங்க ஏங்க குனியிறீங்க?"

முறுக்கு

கடைசியில் வழி கீழ்க்கடையிலேயே இருந்தது. பீங்கான் கோப்பைகளை உடையாமல் சுற்றி அனுப்ப வெள்ளை ஃபோம் தாள் வைத்திருப்பார்கள். ஒரு துண்டு கேட்டு வாங்கி, இரண்டு காம்பிலும் மெத்தென்று சுற்றிக்கொண்டேன். கோப்பைக்குக் கிடைக்கும் மரியாதை என் காதுக்கும் கிடைத்தது. அன்று சாயங்காலம் வரை தலைவலி எட்டிப் பார்க்கவில்லை. சந்தோஷத்தில் கண்ணே கலங்கிவிட்டது.

ஆனால் தலையை ஆட்டும்போதெல்லாம் ஃபோம் ஹெட்செட்டில் உரசிக் கறுக் கறுக் என்றது. மைக் அதையும் சேர்த்து அனுப்பியிருக்கிறது. பாஸ்கர் சார் ஓடிவந்து, "ஆபீஸா, பேக்கிங் கடையா?" என்று ஃபோமை உருவிக் குப்பைத்தொட்டியில் போட்டார். அதற்குள் லைனில் இருந்த கருவேப்பிலங்குறிச்சிக்காரர் பொறுமையை இழந்துவிட்டார்: "ஏம்மா, நான் இங்க போனு போச்சேன்னு கத்திக்கினு இருக்கேன், நீ அங்க முறுக்கு திங்கிறியா?"

சென்னைக்காரர்

நான் விடவில்லை. புதுத் துண்டு வாங்கி, மேலே துணிப் பிளாஸ்டர் ஒட்டினேன். சத்தம் போய்விட்டது. முடி மறைத்துக்கொண்டதால் பாஸ்கர் சாருக்கும் தெரியவில்லை.

யாரை நிரந்தரமாக்குவது என்று முடிவு செய்யச் சென்னையிலிருந்து பெரிய மேனேஜர் வந்தார். கண்ணாடி போட்டிருந்தார்! எனக்குக் கும்பிடத் தோன்றியது. இன்னொரு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, நான் பேசுவதைக் கேட்கப் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் நெளிந்தார். காதைத் தேய்த்தார். கழற்றி மாட்டினார். இவர் எரிச்சலோடு எழுந்தால் என் கதை முடிந்தது என்று பயந்து, மிச்சமிருந்த ஃபோமையும் பிளாஸ்டரையும் எடுத்து அவர் கண்ணாடியிலும் சுற்றிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு மனுஷன் மத்தியானம் வரை நிம்மதியாக உட்கார்ந்து கேட்டார். என் வேலையை நிரந்தரமாக்கும் காகிதத்தில் அங்கேயே கையெழுத்தும் போட்டார்.

"பிரமாதமான யோசனை, யாரோடது?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பாஸ்கர் சார் முன்னால் வந்து நின்றார்: "நம்ம புள்ளைங்களுக்குக் காது வலிக்கக் கூடாதுன்னு நான்தான் சார் எல்லாரையும் சுத்திக்கச் சொல்லியிருக்கேன்."

தையில் எனக்குக் கல்யாணம் நடக்கவில்லை, பாஸ்கர் சாருக்குப் பதவி உயர்வு நடந்தது, என் காதுக்குப் பின்னால் விழுந்த பள்ளத்துக்கு மட்டும் இன்றுவரை யாரும் உரிமை கொண்டாட வரவில்லை.