சுவருக்கு வந்த அம்மை

மனிதருக்கு அம்மை வரும், மாட்டுக்கு வரும், கோழிக்குக்கூட வரும். எங்கள் வீட்டில் சுவருக்கு வந்தது.

செலண்டார் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வீடுகள் ஒட்டி ஒட்டி நின்ற லயத்தின் கடைசி வீடு எங்களுடையது. மழை பெய்தால் பின்னாலிருந்த மேட்டுத் தண்ணீரெல்லாம் எங்கள் சுவரில்தான் வந்து தேங்கும். எனக்கு அப்போது எட்டு வயதிருக்கும். தங்கைக்கு மூன்று. ஒரு நாள் காலை, அவள் படுக்கும் பாய்க்கு மேலே சுவர் முழுக்க வெள்ளைப் புள்ளிகள். தொட்டுப் பார்த்தேன், பஞ்சுபோல் மெத்தென்று இருந்தது. முகர்ந்தும் பார்த்தேன். நனைந்த சாக்கு நாற்றம். அம்மா என் கையைத் தட்டிவிட்டாள்.

பக்கத்து வீட்டு அத்தை வந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "முத்து முத்தா போட்டிருக்கு பாரு. புள்ளைக்கு வரவேண்டியத ஆத்தா செவுத்துல எறக்கிட்டா. நல்லபடியா அனுப்பி வையி."

தங்கைக்கு ஏற்கெனவே நெஞ்சில் இழுப்பு. சுவர் வாங்கிக்கொண்டால் பிள்ளை பிழைத்துவிடும் என்று அம்மா நம்பினாள். வாசலில் வேப்பிலை செருகினாள். குழம்பைத் தாளிக்கவில்லை. வெளியாள் நிழல் படக்கூடாதென்று சன்னலை அடைத்தாள். காலையும் மாலையும் சுவருக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். நோயாளிக்குச் செய்யும் எதையும் சுவருக்குக் குறைக்கவில்லை. சுவரும் நன்றி மறக்காமல் கூரை வரை பூத்தது.

ஆத்தா ஏன் சுவருக்கு வருகிறாள், சுவருக்குக் காய்ச்சல் அடிக்குமா என்று கேட்டுக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். தங்கையைப் பார்த்தால் மட்டும் பயமாக இருந்தது. மூச்சு விடும்போது விலாவெலும்பு உள்ளே போய்ப் போய் வந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் கொடுத்த மருந்தும் கேட்கவில்லை. தலைக்குத் தண்ணீர் விட்டால் ஆத்தா இறங்கிவிடுவாள் என்று அம்மா குடம் குடமாக வேப்பிலைத் தண்ணீரைச் சுவரில் ஊற்றினாள். அன்று தங்கைக்கு அழக்கூட மூச்சில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது.

மறுநாள் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனேன். ரப்பர் ஷீட்டுகளைக் காயவைக்கும் புகைக்கூடத்தில் அவருக்கு வேலை. ஒரு ஷீட்டை மடியில் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். அதே வெள்ளை. முகர்ந்தேன், அதே நாற்றம்.

"என்னப்பா இது?"

"பூத்த ஷீட்டு. ஈரத்தோட அடுக்கிட்டானுங்க. தொடச்சு மறுபடி காய வைக்கணும்."

"ஷீட்டுக்கும் ஆத்தாவா?"

"ஆத்தாவும் இல்ல, அப்பனும் இல்ல. ஈரம் போகலன்னா பூசணம் பூக்கும்லா."

"அப்ப நம்ம செவுரு?"

அப்பாவின் கை நின்றுவிட்டது. வருஷக்கணக்காகத் துடைத்த கை அது. வீட்டில் மட்டும் அதே வெள்ளையைக் கண்டு அவரும் கும்பிட்டார். அது எப்படி என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. வேலையை வேலையிடத்திலேயே கழற்றிப் போட்டுவிட்டு வருவார் போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னார். அம்மா சீறினாள். "ஆத்தாவத் தொடைக்கிறதா? புள்ளையப் பலி குடுக்கப் பாக்குறீங்களா?"

அப்பா வாதாடவில்லை. "ஷீட்டுல பூத்தாலும் இப்படித்தான் இருக்கும்," என்று மட்டும் சொன்னார். அம்மா சுவரைப் பார்த்தாள். மடியில் கிடந்து திணறும் பிள்ளையைப் பார்த்தாள்.

"ஆத்தாவும் ஒரு தாய்தானே," என்றாள் மெதுவாக. "புள்ள மூச்சப் புடிச்சுக்கிட்டா நிப்பா?"

தங்கையை அத்தை வீட்டில் படுக்கவைத்துவிட்டு, அம்மாவே துணியை எடுத்துச் சுவரைத் துடைத்தாள். அப்பா பின்னால் வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் திருப்பினார், சன்னலைத் திறந்துவிட்டார், சுவர் காய்ந்ததும் சுண்ணாம்பு அடித்தார்.

தங்கையைத் திரும்பக் கொண்டுவந்து சில வாரம் கழித்து, எதற்கோ அவள் அடம்பிடித்து லயமே அதிரும்படி அழுதாள். நான் தூக்கப் போனேன்.

"விடுடி, அழட்டும்," என்று அம்மா தடுத்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டபடி, கண்ணில் தண்ணீரோடு சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.