பின்னறையில் ஒரு புத்தக விமர்சனம்

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. ஆனால் இது செண்பகனூரில் நிஜமாகவே நடந்தது. நடந்தது ஆக்ஸிலியாவுக்கு. பள்ளி நூலகத்தில் வேலை பார்க்கிறாள். பேய் என்று யாராவது வாயைத் திறந்தால் விழுந்து விழுந்து சிரிக்கிற ஆள்.

படித்த புத்தகங்களைப் பற்றிப் போனில் பேசிப் பதிவு செய்து, வாட்ஸப் வாசகர் குழுவில் போடுவது அவள் வழக்கம். அந்த வாரம் இரண்டு புத்தகம். ஒன்று, பழைய நடிகை கனகப்பிரபாவின் வாழ்க்கை வரலாறு. இன்னொன்று ஒரு பேய் நாவல். நடிகை கடைசியாக வாழ்ந்த பங்களா இப்போது ஹோம்ஸ்டே. அங்கேயே உட்கார்ந்து பேசினால் எடுப்பாக இருக்கும் என்று சனிக்கிழமை மத்தியானம் போனாள்.

காவலாளி வேலுமணி அவளை வராண்டாவில் உட்கார வைத்து, சட்டியில் கரிக் கணப்பு மூட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். மூன்று மணிக்கெல்லாம் மேகம் இறங்கிவிட்டது. குளிர் தாங்காமல் கணப்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. போனில் பதிவை ஓடவிட்டுப் பேச ஆரம்பித்தாள்.

"நடிகை புத்தகத்துல முதல் பாதி அருமை. கடைசி அத்தியாயம் ஒரே மழுப்பல். தூக்கத்துல அமைதியா போயிட்டாங்கன்னு ஒரே வரி. பேய் நாவல் அதவிட மோசம். ஒருத்தி கதவத் தட்டோ தட்டுன்னு தட்டுறா. வெளிய ஆள் இருந்தும் தொறக்கல. நம்புற மாதிரியா இருக்கு?"

டக்.

வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

மேகம் இறங்கினால் காட்டெருமை வந்து முட்டும் என்று தோட்டத்துப் பக்கக் கதவுகளை வெளியே தாழ் போடுவது அங்கே பழக்கம். பின்னறைக்கு இருந்ததே அந்த ஒரு கதவுதான். அவசரக்குடுக்கை மனுஷன் என்று சிரித்துக்கொண்டே தட்டினாள்.

"வேலுமணிண்ணே! நான் உள்ள இருக்கேன்!"

காலடிச் சத்தம் கதவு வரை வந்தது. நின்றது. பிறகு வெரசாகத் திரும்பிப் போனது...

சிரிப்பு நின்றது. ஜன்னலைப் பலகை அடித்து மூடியிருந்தார்கள். போனில் சிக்னல் இல்லை. கரி கனன்றுகொண்டிருந்தது. மூடிய அறையில் கரிப்புகை ஆளைக் கொன்றுவிடும் என்று மலையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரைக் கரிமேல் கொட்டினாள். அணையவில்லை. புகைதான் குப்பென்று எழுந்தது.

தட்டினாள். கத்தப் பார்த்தாள். இருமல்தான் வந்தது.

பவுடர் வாசனை...

வலது தோள் மட்டும் சில்லிட்டது. யாரோ இடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

தட்டினாள்.

செத்துவிடுவோம் என்று தெரிந்தது.

தட்டினாள்...

கதவு திறந்தது.

புல்லில் விழுந்து மூச்சு வாங்கினாள். வேலுமணி தண்ணீர் நீட்டினார்.

"நான் கத்துனது கேட்டுச்சுல்ல? ஏன் தொறக்கல?"

"தப்புதான் டீச்சர். நீங்க கெளம்பிப் போயிட்டீங்கன்னு நெனச்சேன். மேகம் எறங்குனா இந்த ரூம்ல பொம்பள தட்டுற சத்தம் கேக்கும். பேர் சொல்லிக்கூட கூப்பிடும். அந்த நடிகையம்மா இதுக்குள்ள செத்ததுலருந்து இப்படித்தான். நாங்க யாரும் தொறக்கிறதில்ல."

"அப்புறம் இன்னைக்கு மட்டும் ஏன் தொறந்தீங்க?"

அவர் அந்தக் கதவுப் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"எப்பவும் ஒரு ஆளுதான் தட்டும். இன்னைக்கு ரெண்டு பேரு தட்டுனீங்க, டீச்சர்."