வளையத்தை முதலில் பார்த்தவள்

என் மனைவி கண்டதைப் பஞ்சு என்று சொன்னவர் நீங்கள். விண்மீன் சங்கத்தின் செயலாளராக இருந்துகொண்டு, கூட்டத்தின் நடுவே சொன்னீர்கள். அது பொய்.

அறுபதாம் வருடம், மாசி அமாவாசைக்கு மறுநாள், ராத்திரி எட்டு மணி. நான் மின்சார வேலைக்குப் போய்க்கொண்டிருந்த வீட்டின் பிரெஞ்சு டாக்டர், ஊரைவிட்டுப் போகும்போது கொடுத்த தொலைநோக்கி எங்கள் கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்றது. திருவாதிரைக்குக் கிழக்கே ஒரு சின்ன நட்சத்திரக் கூட்டம். அங்கே மங்கலான வாயு மேகம் ஒன்று, நெபுலா, இருப்பதாகச் சங்கத்தில் சொன்னீர்கள். எப்படி இருக்கும் என்று சொல்லவில்லை. தேடித் தேடி, குழாயைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

மில்லிலிருந்து வந்தவள், தலையில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல் என்னோடு இருட்டில் உட்கார்ந்திருந்தாள். பிறகு கண்ணை வைத்தாள்.

"இருக்குது. வளையல் கணக்கா. நடுவுல வெறும் எடம்."

"எங்கடி? எனக்கு ஒண்ணும் தெரியல."

"நீங்க அத மொறைக்கிறீங்க. மொறைச்சா வருமா? பக்கத்துல பாருங்க."

நூற்கும் இயந்திரத்தில் அவளுக்கு வேலை. நூல் சுற்றுகிற அத்தனை கதிர்களில் எதில் நூல் அறுந்தது என்று உற்றுப் பார்த்தால் பிடிபடாதாம். வேறெங்கோ பார்த்து நடந்தால் கடைக்கண்ணில் படுமாம்.

"கண்ணாடியில பனியா இருக்கும்" என்றேன்.

குழாயை லேசாக நகர்த்தினாள். "நட்சத்திரத்தோடயே போவுது. பனின்னா எடத்துலயே நிக்காதா?"

அவளே பென்சிலால் வரைந்தாள். அந்தத் தாளைத்தான் கூட்டத்தில் உங்களிடம் கொடுத்தேன்.

"மில்லுல வேல செய்றவங்கதான? பஞ்சு பறந்திருக்கும்" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். கடைசி வரிசையில் அவள் தரையைப் பார்த்தாள். ஊரெல்லாம் சண்டை போடுகிற நான், என் கண்ணில் படாததற்கு எப்படிச் சாட்சி சொல்வது என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அடுத்த அமாவாசையில், குழாயில் கண்ணை வைத்திருந்த என் முகவாயைப் பிடித்துத் திருப்பினாள். "அங்க இல்ல. இந்தப் பக்கம்."

வளையம் வந்தது. மூச்சுப் பட்டால் கலைந்துவிடும் போல அவ்வளவு மெல்லிசு.

"பாத்துட்டேன்டி."

"என்னையும் இத்தன வருசமா மொறைச்சிட்டுதான இருக்கீங்க" என்று சிரித்தாள். கையை எடுக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து உங்கள் சங்கச் சுவரிலேயே வெளிநாட்டுப் படம் ஒன்றை மாட்டினீர்கள். அதே நெபுலா. வளையம், நடுவில் வெறும் இடம்.

"விட்டுடுங்க" என்கிறாள் அவள். விடமாட்டேன். அடுத்த கூட்டத்தில் முதலில் நான் எழுந்து, அன்று வாய் திறக்காதது என் தப்பு என்று சொல்கிறேன். அடுத்து நீங்கள் எழுந்திருங்கள். உங்களிடம் இருக்கிற அவள் தாளை அந்தப் படத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, எல்லோர் காதிலும் விழும்படி பதில் சொல்லுங்கள்: அது பஞ்சா?