தம்பிக்கு ஒரு பூசை

எங்கள் நாய்க்குப் பெயர் தம்பி. நான் வைத்த பெயரல்ல. குட்டியாக வாசலில் வந்து நின்றபோது மனைவி "வா தம்பி" என்றாள், அதுவே நிலைத்துவிட்டது.

எனக்கு நாய் மேல் பெரிய ஆசை கிடையாது. பக்தியும் அளவோடுதான். ஆனால் போன வருஷம் நாய் டாக்டர், "கிட்னி போயிடுச்சு அங்கிள், ரெண்டு வாரம் தாண்டாது" என்றபோது பயந்துவிட்டேன்.

கிள்ளானில் எங்கள் மாதா கோயிலில், வேண்டுதலை எழுதிக் கொடுத்தால் ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஃபாதர் வாசிப்பார். நாய்க்கு என்று எழுதத் தைரியம் வரவில்லை. 'தம்பி உடல்நலம் பெற' என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். பொய் இல்லையே. ஃபாதர் என் பெயரையும் சேர்த்து மைக்கில் நிறுத்தி வாசித்தார். கோயிலே எழுந்து நின்று என் நாய்க்காக மன்றாடியது.

எனக்கு நிஜமாகவே ஒரு தம்பி உண்டு என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. அவனுக்குப் பக்கத்து ஊரான தெலுக் பங்லிமா காராங்கில் ஃபேக்டரி வேலை. அப்பாவை அடக்கம் செய்த அன்று கல்லறையிலேயே வாய்த்தகராறு. எட்டு வருஷமாகப் பேச்சில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கேட்டருகே வந்து நின்றான். கோயிலில் கேட்ட யாரோ போன் பண்ணியிருக்கிறார்கள்.

"எனக்குப் பூசை குடுத்தீங்களாமே, அண்ணே. நான் நல்லாத்தான் இருக்கேன் லா. யார் சொன்னா சீக்குன்னு?"

கண் கலங்கியிருந்தான். உண்மையைச் சொன்னால் வந்த வழியே போய்விடுவானோ என்று, கேட்டைத் திறந்துவிட்டேன்.

"உள்ள வா தம்பி" என்றேன்.

இரண்டு நாளாகத் தலை தூக்காமல் கிடந்த நாய் வாலைத் தரையில் தட்டியது. அவன் அதைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"இதோட பேரு என்ன?"

சொன்னேன். வேண்டுதல் யாருக்கு என்பதையும் சொன்னேன்.

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு, நாயின் பக்கத்தில் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து அதன் காதைத் தடவினான்.

"தண்ணி குடிச்சிச்சா?" என்றான்.

வியாழக்கிழமை நாய் போய்விட்டது. அவன் லீவு போட்டு வந்தான். வீட்டுக்குப் பின்னால் இரண்டு பேருமாகக் குழி வெட்டினோம். எனக்கு அழுகை வந்தது. அவன் மண்வெட்டியை வாங்கிக்கொண்டான்.

அடுத்த வாரம் 'தம்பிக்காக நன்றி' என்று எழுதிக் கொடுத்தேன். ஃபாதர் அதை வாசித்ததும், பக்கத்தில் இருந்தவன் என் காதோரம் குனிந்தான்.

"இந்தப் பூசை எனக்கா, அதுக்கா?"

"எனக்குத்தான்" என்றேன்.